மீதி ஐந்து கயிறு

என் அண்ணனை அவன் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஆறுகயிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக், இருபத்தாறு வருட சர்வீஸ். லிஃப்டில் ஏறப் பயப்படுகிற ஆள் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், வழிமறித்து நிறுத்தி, "மேல ஆறு கயிறு இருக்குங்க. ஒண்ணொண்ணும் தனியாவே மொத்தப் பெட்டியையும் தாங்கும். ஆறும் போச்சுன்னே வெச்சுக்குங்க, கீழ ரெண்டு பிடி இருக்கு, வேகம் கூடினா தண்டவாளத்தக் கவ்விக்கும்" என்று ஆரம்பித்துவிடுவான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட ஆரம்பித்திருக்கிறான். அண்ணி விலாவில் இடித்த பிறகுதான் நிறுத்தினான்.

அவன் தங்கை நானும் அதே கம்பெனிதான். புகார் போன் எடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக எடுக்கிறேன். லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் "கயிறு அறுந்துடுச்சு" என்றுதான் அலறுவார்கள். இதுவரை ஒன்றுகூட அறுந்ததில்லை. கதவிடுக்கில் யாராவது பிஸ்கட் உறையைப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் மெக்கானிக்குகள் யாரும் அந்த 'அறுந்தது' என்ற வார்த்தையை வாயால் சொல்ல மாட்டார்கள், கையால் எழுதவும் மாட்டார்கள். அது அவர்களுக்குள் எழுதாத சட்டம். பழைய கயிற்றைக் கழற்றிப் புதிது போடும்போதுகூட, வேலைத் தாளில் 'கயிறு ஓய்வு பெற்றது' என்றுதான் எழுதுவார்கள். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரம் ஒரு மோட்டார் அறையில் அவரை இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்துவிட்டு வந்தார்கள். அப்புறம் அவரும் ஓய்வு பெற்றது என்றே எழுதினார்.

அண்ணனுக்கு இருந்த ஒரே குறை, பள்ளிப் படிப்பை முடிக்காதது. வேலைத் தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. இடது பக்கம் 'வேலை செய்தவர்', வலது பக்கம் 'மேற்பார்வையாளர்'. இருபத்தாறு வருடமாக அவன் கையெழுத்து இடது கட்டத்தைத் தாண்டவில்லை. வலது கட்டத்தில் போட வேண்டுமானால் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், வயது ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். அவனிடம் வேலை கற்றுக்கொண்டவர்களெல்லாம் இப்போது வலது கட்டத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், மோட்டார் அறை எந்தப் பக்கம் என்று இன்னமும் அண்ணனிடம்தான் கேட்பார். எனக்கு வயிறு எரியும். அண்ணனுக்கு எரியாது, அல்லது எரிவதைக் காட்டிக்கொள்ள மாட்டான். அந்த விஷயத்தில் அவன் எங்கள் அப்பாவைக் கொண்டு பிறந்தவன். நான் யாரைக் கொண்டும் பிறக்கவில்லை, என் கோபம் என் சொந்தக் கோபம்.

ஐம்பது முடிய நாலு மாதம் இருக்கும்போது, கடைசி கடைசியாக, பெரியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தான். கணக்கில் தேறினான். அறிவியலில் அவன்தான் முதல். தமிழ் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. கடைசி ஒப்படைப்பில் இருபதுக்குப் பதினைந்து வாங்கினால் தேறலாம் என்ற நிலையில் வந்து நின்றான்.

தமிழ் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கண்டிப்பானவர். வகுப்பு நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. டீச்சர் மட்டும் படியில்தான் வருவார். மூச்சு இரைக்க உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து, ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று அர்த்தம். மாணவர்கள் அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டுப் பாடத்தை முடித்துவிடுவார்கள். டாக்டர் நடக்கச் சொன்னாராம், அப்படித்தான் டீச்சர் சொல்லியிருந்தார். சேர்ந்த முதல் நாளே அண்ணன் அந்த லிஃப்டை மேலும் கீழும் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தங்கமான லிஃப்ட். எதுக்கு இந்தம்மா படியில வந்து உசிர விடறாங்க?" என்று வீட்டுக்கு வந்து புலம்பினான்.

கடைசி ஒப்படைப்பு இதுதான்: பாடப் புத்தகத்தில் உள்ள ஒரு சிறுகதைக்கு வேறு முடிவு எழுத வேண்டும்.

எத்தனையோ கதை இருக்கிறது உலகத்தில். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்தது ஒரு லிஃப்ட் கதை.

ஒரு குமாஸ்தா, அவன் மனைவி. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியும் அவள் காலுக்குச் சரியான அளவில் செருப்பு வாங்கத் தெரியாதவன் அவன். அதில் சண்டை முற்றி, அவள் எட்டாவது மாடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவன் திருந்தி, அளவெடுத்துச் செருப்பு வாங்கிக்கொண்டு, சமாதானம் பேச லிஃப்டில் ஏறுகிறான். அப்புறம் இப்படி வருகிறது: 'கயிறு அறுந்தது.' அதற்கடுத்த வரியோடு கதை முடிகிறது: 'கீழே ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது.'

வகுப்பில் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்களாம். அண்ணன் மட்டும் கையைத் தூக்கியிருக்கிறான்.

"டீச்சர், எத்தன கயிறு?"

"என்னது?"

"கயிறுன்னு மட்டும் போட்டிருக்கே, எத்தன கயிறுன்னு போடலையே."

டீச்சர் அவனை உட்காரச் சொல்லிவிட்டார்.

ஒப்படைப்புக்கு இரண்டு விதிகள். அந்தக் 'கயிறு அறுந்தது' என்ற வரியை முதல் வரியாக எழுதிக்கொண்டு, அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லாம் மாணவரின் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து அண்ணன் பதினொரு பக்கம் எழுதினான். படத்தோடு. அந்தக் கட்டடத்தின் லிஃப்டை யார் நிறுவியது, கடைசியாக எப்போது பராமரிப்பு நடந்தது, அதற்கப்புறம் ஏன் நடக்கவில்லை, செருப்புப் பெட்டியின் எடையால் பாதிப்பு உண்டா (இல்லை), எல்லாம் இருந்தது. முடிவில் 'மேற்கண்ட காரணங்களால் இந்தக் கதையில் கூறப்பட்ட சம்பவம் நடந்திருக்க வாய்ப்பில்லை. ஆசிரியர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்' என்று எழுதி, இடது பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தான்.

டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது கதை இல்ல, ரிப்போர்ட். முதல் வரியும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை கடைசி. அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு எழுதுங்க. லிஃப்டுக்கு என்ன ஆச்சுன்னு எழுதாதீங்க."

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அண்ணிக்கு ஒப்படைப்பைவிடக் கதையின் மேல்தான் கோபம்.

"ஏங்க, அவ எதுக்கு எட்டாவது மாடியிலேயே உக்காந்திருக்கா? புருஷன் வர்றான்னு தெரிஞ்சா ரெண்டு மாடி எறங்கி வந்தா காலு தேஞ்சிடுமா?"

"அவளுக்குத்தான் செருப்பே இல்லையே" என்றேன் நான்.

"வெறுங்காலோட வரட்டும். செருப்பு என்ன கலரு?"

"போடல."

"கலர் போடாத கதையெல்லாம் ஒரு கதையா?" என்று சொல்லிவிட்டு அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

சரி, நான் கேட்டேன். "அண்ணா, நீ எத்தன பேர வெளிய எடுத்திருக்க? மாட்டினவங்ககிட்ட மொதல்ல என்ன கேப்ப?"

"சாப்பிட்டீங்களான்னு கேப்பேன்."

"என்னது?"

"ஆமா. பயப்படாதீங்கன்னு சொன்னா இன்னும் பயப்படுவாங்க. பேரு என்னன்னு கேட்டா, எதுக்கு, பேப்பர்ல போடவான்னு அழுவாங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டா யாரா இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்னு யோசிப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்துல மூச்சு ஒழுங்காயிடும். அப்புறம் என்ன சாப்பாடுன்னு கேட்டுக்கிட்டே வேலையப் பாக்க வேண்டியதுதான்."

"அதையே எழுதேன்!" என்று அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

எழுதினான். இரண்டே பக்கம். எழுதி முடித்துவிட்டுத் தாளை என்னிடம் தள்ளினான். மேலே முதல் வரிக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"அந்த வரிய நீ எழுதிடு."

"ஏன், உனக்குக் கை இல்லையா?"

"நீ போன் எடுக்கற ஆளு. தினம் நூறு தடவ அதக் கேக்கற, எழுதற. உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் எழுதினா நாளைக்கு எந்தப் பெட்டியில கைய வெப்பேன்?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை. பேனாவை வாங்கி 'கயிறு அறுந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் கையெழுத்து கிரீஸில் வழுக்கி விழுந்த மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டீச்சருக்குப் பார்த்தவுடனே தோன்றிவிட்டது. மறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் அண்ணனை நிற்க வைத்து, இன்னொரு கையெழுத்துக்காரரையும் உடனே அழைத்து வரச் சொன்னார். போட்டது போட்டபடி நான் ஓடினேன்.

காலியான வகுப்பறை. டீச்சர் மேசைமேல் அந்தத் தாள், பக்கத்தில் சிவப்புப் பேனா மூடி திறக்காமல்.

"முதல் வரி ஒரு கை, மீதி ஒரு கை. நீங்க சொல்லச் சொல்ல இவர் எழுதினாரா? எழுதிக் கொடுத்ததைப் பாத்து எழுதினாரா?"

"முதல் வரி மட்டும்தான் டீச்சர் நான். மீதியெல்லாம் அண்ணன்தான்."

"ரெண்டு பக்கம் எழுதத் தெரிஞ்சவர் ஒரு வரி எழுத ஆள் பிடிப்பாரா? என் காதுல பூ வெச்சிருக்கா?" டீச்சர் வெள்ளைத் தாள் ஒன்றை அண்ணன் பக்கம் தள்ளினார். "அந்த ஒரு வரிய என் கண் முன்னாடி எழுதுங்க. எழுதிட்டா இத ஏத்துக்கறேன். இல்லாட்டி பூஜ்யம். அடுத்த வருஷம் வாங்க."

அடுத்த வருடம் வந்தால் அவனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நான் அவன் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினேன். எழுதித் தொலையேன்!

அண்ணன் பேனாவை எடுத்தான். 'க' போட்டான். 'யி' போட்டான். 'று' போட்டான். நின்றான். சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் யாரையோ ஏற்றிக்கொண்டு மேலே போகிற சத்தம் கேட்டது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். இந்தக் கட்டடத்துல லிஃப்ட் இருக்கு. இங்க எழுத மாட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்தாறு வருடம், ஒரே ஒரு வரி! அவனைப் பிடித்து உலுக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியாமல், டீச்சரைப் பார்த்துப் பொரிந்து தள்ளினேன். ஓய்வு பெற்ற கயிறு, மோட்டார் அறையில் உட்கார்ந்த பொறியாளர், இடது கட்டம், வலது கட்டம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். டீச்சர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார். "லிஃப்ட் இல்லாத இடமா இருந்தா எழுதுவீங்களா?"

அண்ணன் யோசித்தான். "எழுதலாம்."

அப்படித்தான் நாங்கள் மூவரும் தாள், பேனா, சிவப்புப் பேனா சகிதம் நாலு மாடியும் படியிறங்கி, தெருவைத் தாண்டி, எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனோம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக் கடை. அண்ணன் பெஞ்சில் உட்காருமுன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"மேல மாடி கட்டற எண்ணம் ஏதாவது உண்டா?" என்று கடைக்காரரைக் கேட்டான்.

"எனக்குக் கீழயே ஒழுகுது" என்றார் அவர்.

அண்ணனுக்குத் திருப்தி. தாளை விரித்தான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. 'கயிறு' என்பதை அடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் மிச்சத்தையும் எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டுப் பேனாவைச் சுட்டதைப்போலக் கீழே போட்டான். கிரீஸில் வழுக்கி விழுந்த அதே கையெழுத்து. டீச்சர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"இவ்வளவு பயமா உங்களுக்கு?"

"பயம் இல்ல டீச்சர், மரியாத." ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கேட்டான். "நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏன் படியில வர்றீங்க? டாக்டர் சொன்னாருன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்க மூச்சு இரைக்கறத எந்த டாக்டர் கேட்டாலும் லிஃப்டுல தூக்கிப் போட்டுடுவாரு."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"பதினேழு வருஷமா இந்தக் கதைய நடத்தறேன். வருஷத்துக்கு நாலு வகுப்பு. அறுபத்தெட்டுத் தடவ அந்த ஆளு என் வாயாலயே செத்திருக்கான். அதுக்கப்புறம் எப்படிங்க உள்ள கால வெக்கறது?"

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கினேன். அண்ணன் சிரிக்கவில்லை. ஆறு கயிற்றைப் பற்றியும் ஆரம்பிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு எழுந்து, டீச்சருக்கு முன்னால் தெருவைக் கடந்து, லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் பை மேல இருக்கு" என்றார் டீச்சர், தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்வதைப்போல. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "நீங்க வரலையா?"

"நான் படியில வர்றேன். உள்ள மூணு பேரும் மாட்டிக்கிட்டா வெளிய யாரு இருக்கறது?"

"மாட்டிக்கிட்டாவா?" என்று டீச்சர் அலறுவதற்குள் கதவு மூடிவிட்டது.

முதல் மாடி. இரண்டாவது மாடி. டீச்சரின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. அப்புறம் ஒரு குலுக்கல், விளக்கு அணைந்தது, பெட்டி நின்றது. மூலையில் சின்னதாக ஓர் அவசர விளக்கு மட்டும் எரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன். பதினாறு வருடம் போனில் எத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவள் நான். அந்த நிமிடத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது அண்ணன் வேலையோ என்று அப்புறம் கேட்டேன். எதிர் டீக்கடையிலும் கரண்ட் போனதைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். கடைக்காரரும் ஆமாம் என்றார். இன்றுவரை எனக்கு முழுசாக நம்பிக்கை இல்லை.

டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அறுந்…" என்று தொடங்கினார்.

வெளியே படியில் தடதடவென்று காலடிச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம், மேலே, இரண்டு தட்டு.

"டீச்சர்! சாப்பிட்டீங்களா?"

டீச்சர் கண்ணைத் திறந்தார். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"இன்னும் இல்லப்பா. காலையில ரெண்டு இட்லிதான்."

"தொட்டுக்க என்ன?"

"சட்னி. உப்புக் கொஞ்சம் தூக்கல்."

"யார் அரைச்சது?"

"என் வீட்டுக்காரர்தான். சொன்னா கோவிச்சுக்குவார்."

"இங்க யாரும் போய்ச் சொல்ல மாட்டோம். கரண்ட் போயிருக்கு, அவ்வளவுதான். பத்து நிமிஷம். உக்காந்துக்குங்க."

உட்கார்ந்தோம். டீச்சரின் மூச்சு சீராகியிருந்தது. கையில் சுருட்டி வைத்திருந்த அண்ணனின் தாளை விரித்து, அந்தச் சின்ன வெளிச்சத்தில் முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தார்.

'கயிறு அறுந்தது. மீதி ஐந்து இருந்தன. பெட்டி நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே இருந்தவன் கத்தினான். மெக்கானிக் வந்து கதவைத் தட்டி, சாப்பிட்டீங்களா என்று கேட்டான். இல்லை, சண்டை போட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றான் அவன். என்ன சண்டை என்று மெக்கானிக் கேட்டான். அவன் எல்லாவற்றையும் சொன்னான். தன் தப்பையும் சொன்னான். அவன் மனைவி வெறுங்காலோடு படியிறங்கி வந்து ஐந்தாவது மாடியில் நின்று அத்தனையையும் கேட்டாள். மெக்கானிக் கதவை ஒரு சாண் திறந்தான். அவன் ஒரு செருப்பை மட்டும் வெளியே நீட்டினான். நீல நிறம். அவள் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. இன்னொன்று எங்கே என்றாள். நான் வரும்போது கொண்டு வருகிறேன் என்றான். அவள் ஒற்றைச் செருப்போடு காத்திருந்தாள். அவன் வந்தான். மெக்கானிக் பழுது பார்த்து, மூன்று முறை மேலும் கீழும் போய்ச் சோதித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.'

டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். தாளைத் தன் முழங்கால்மேல் வைத்து எழுதினார். எனக்குக் காட்டவில்லை. விளக்கு வந்தது, பெட்டி நகர்ந்தது, நாலாவது மாடியில் கதவு திறந்தபோது அண்ணன் மூச்சு இரைக்க நின்றுகொண்டிருந்தான். பேச முடியாமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.

டீச்சர் தாளை அவன் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து தானாகவே லிஃப்டில் ஏறிக் கீழே போனார்.

இருபதுக்குப் பத்தொன்பது. ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கீழே சிவப்பில் எழுதியிருந்தார்:

'முதல் வரி நம்பும்படியாக இல்லை.'